பதினோரு எலிகளைக் காணவில்லை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களின் மேசைக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும், அச்சுக்கூடத்தில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இங்கு யாவரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. இங்கு யாரும் நலமாக இல்லை என்பதைப் பற்றியே இந்தக் கடிதம் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். இருபத்தாறு ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழை முதல் பக்கத்துத் தேதியிலிருந்து கடைசிப் பக்கத்து அடியிலுள்ள அச்சக முகவரி வரை படித்துவருகிறேன். இதுவரை ஒரு கடிதமும் அனுப்பியதில்லை. எழுதியதுண்டு, எழுதிய பிறகு, தவறு ஒருவேளை என்னுடையதாக இருக்குமோ என்று மடித்து வைத்ததும் உண்டு. இந்த முறை எனக்கு அப்படி ஒரு சந்தேகமும் இல்லை. கொஞ்சம் இருந்தது. நேற்றோடு அதுவும் போய்விட்டது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆறாம் பக்கத்தில், 'புற்றுக்கட்டியைச் சுருக்கும் மஞ்சள் துகள்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அதில் நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள் உள்ளன. மூன்று முறை எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டில் 'எலி' என்ற சொல் ஒரு முறைகூட இல்லை. ஐயா, அந்த ஆய்வு முழுக்க முழுக்க எலிகளில் செய்யப்பட்டது. கட்டி எலியுடையது. சுருங்கியது எலியின் கட்டி. மனிதர் யாரும் அந்த ஆய்வின் பக்கத்தில்கூடப் போகவில்லை, கூண்டைக் கழுவியவர் நீங்கலாக.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள் என் மகள். மஞ்சளில் உள்ள மஞ்சள் நிறப் பொருளுக்குக் கட்டிகளை அடக்கும் குணம் இருக்கலாம் என்று நெடுநாளாகச் சொல்கிறார்கள். ஆனால் அது தண்ணீரில் கரையாது. விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம், மீதி வந்த வழியே போய்விடும். அதனால் அதைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துகள்களுக்குள் ஏற்றிக் கட்டி இருக்கும் இடத்துக்கு அனுப்பிப் பார்க்கிறார்கள். ஆறு ஆண்டுகளாக இதுதான் அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் "இன்னைக்கு மூணாவது கூண்டு சரியா சாப்பிடலப்பா" என்பதுதான் முதல் பேச்சு. எலி இல்லாமல் அவளால் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியாது. அப்படிப்பட்டவள் எழுதிய குறிப்பில் எலி இல்லாமல் போகுமா?

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பாடநூல் அச்சகம் ஒன்றில் முப்பத்துநான்கு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆறாம் வகுப்பு அறிவியல் நூலில் தவளையின் இதயத்துக்கு ஓர் அறை கூடுதலாகப் போயிருந்ததை, எந்திரம் சுற்றத் தொடங்கிய பிறகு ஓடிப்போய் நிறுத்தியவன். அதனால் மகள் எழுதிய குறிப்பைத் தங்களுக்கு அனுப்புவதற்கு முன் நான்தான் சற்றுச் செப்பனிட்டேன். ஆய்வாளர்கள் சொன்னதையே சொல்வார்கள். கூறியது கூறலை நீக்கி, காற்புள்ளிகளை இடம் பார்த்து வைத்து, என் நீலப் பென்சிலால் திருத்தி, தெருமுனைத் தட்டச்சுக் கடையில் கொடுத்து மகளுக்கு அனுப்பச் செய்தேன். அப்பா பார்த்ததை மறுபடி பார்ப்பானேன் என்று அவள் அப்படியே தங்களுக்கு அனுப்பினாள். என் காற்புள்ளிகள் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி அச்சாகியிருக்கின்றன. அதற்கு நன்றி. முப்பத்தெட்டுக் காற்புள்ளிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த தங்கள் அலுவலகம், எலிகளை மட்டும் எப்படி வழியில் இறக்கிவிட்டது என்பதுதான் என் கேள்வி.

சொல் ஒன்று விட்டுப்போனால் குடியா முழுகிவிடும் என்று நினைப்பீர்கள். முழுகப் பார்த்தது. எங்கள் வீட்டில் என் மனைவியின் அண்ணன் இருக்கிறார். பேருந்துப் பணிமனையில் முப்பது ஆண்டுகள் தலைமை மெக்கானிக்காக இருந்தவர். எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. அவருக்கு நான் இன்றும் 'மாப்பிள்ளை'தான். அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். வாரா வாரம் வியாழக்கிழமை பெரிய மருத்துவமனையில் மருந்து ஏற்ற வேண்டும். அவர் வீடு லிஃப்ட் இல்லாத நான்காவது மாடி என்பதால் எங்களோடு வந்து தங்கியிருக்கிறார். ஆறு வியாழன்கள் முடிந்திருந்தன. அந்த மருந்து பால் போல் வெள்ளையாக இருக்கும். அதை ஏற்றிக்கொண்டு வந்தால் இரண்டு நாட்களுக்குச் சோறு இறங்காது. முடி போய்விட்டது. ஆனாலும் படம் பிடித்துப் பார்த்ததில் கட்டி கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஏழாவது வியாழன், அதாவது நேற்று, தவறக் கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் தங்கள் பத்திரிகையை விரித்தார். அவர் எதையும் மனதுக்குள் படிப்பவர் அல்லர், தெருவுக்கே படிப்பவர். ஆறாம் பக்கம் வந்ததும் குரல் ஏறியது. "பாப்பா, இங்க வா! கேளு. 'இருபத்துநாலு நாளில் கட்டிகள் பாதிக்கும் மேல் சுருங்கின. எடை குறையவில்லை. முடி உதிரவில்லை. எல்லாம் நன்றாக உண்டன, ஓடு சக்கரத்தில் உற்சாகமாக ஓடின.' பாத்தியா? முடி கொட்டலையாம். சக்கரத்துல ஓடியிருக்காங்க!"

"என்ன சக்கரம் அண்ணே?" என்றாள் என் மனைவி.

"ஜிம்முல இருக்குமே, நின்ன இடத்துலயே ஓடுறது. நோயாளிங்க அதுல ஓடுறாங்கன்னா பாத்துக்கோ. நான் மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது."

"'உண்டன' என்றால் அஃறிணை, மச்சான்" என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. நான் சொல்வது பொதுவாக யார் காதிலும் விழுவதில்லை.

"நம்ம புள்ளை கையில மருந்தை வச்சிக்கிட்டு, தாய்மாமன அந்த வெள்ளைத் தண்ணிக்கு அனுப்பிட்டு இருக்கா. இனிமே வியாழக்கிழமை கிடையாது. சொல்லிட்டேன்" என்றார்.

அவர் சொல்லிவிட்டார் என்றால் அது பணிமனை ஆணை. பிரேக் சரியில்லாத வண்டியை வெளியே விட மாட்டேன் என்று அமைச்சர் வந்தபோதே சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நின்றவர் அவர்.

இதற்குள் வாசல் மணி அடித்தது. மாடி வீட்டுத் தையற்காரர். "சார், உங்க பொண்ணு கண்டுபிடிச்ச மருந்து ஒரு பொட்டலம் கொடுங்க. மாமியாருக்கு."

"மாமியாருக்குப் புற்றுநோயா?"

"இல்ல சார், முழங்கால் வலி. அதுக்கே கேக்குதுன்னா இதுக்குக் கேக்காதா?"

அவரை அனுப்புவதற்குள் அடுத்தவர், அவருக்குப் பின்னால் இருவர். பத்து மணிக்குப் படிக்கட்டில் ஏழு பேர் நின்று யார் முதலில் என்று சண்டை போட்டார்கள். எனக்குச் சத்தம் ஆகாது. ஒழுங்காக இருக்கட்டும் என்று பழைய நாட்காட்டித் தாள்களைக் கிழித்து, பின்புறம் எண் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். வரிசையாக வந்தால் வரிசையாக 'இல்லை' என்று சொல்லிவிடலாமே என்றுதான். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். எண் கொடுத்தால் உள்ளே டாக்டர் இருக்கிறார் என்று பொருளாம். கையில் எண்ணோடு நிற்பவர்களைப் பார்த்துத் தெருவில் போகிறவர்களும் வந்து நின்றார்கள். "இங்க என்ன கொடுக்கறாங்க?" என்று ஒருவர் கேட்க, "தெரியல, பதினாறு போயிட்டு இருக்கு" என்று இன்னொருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். பத்தொன்பதாம் எண் பெண்மணி என் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினார். மனம் நோகக் கூடாதே என்று நாடியைப் பிடித்து, "நன்றாக ஓடுகிறது" என்றேன். ஐயா, நான் வாழ்நாளில் செய்த ஒரே போலி வைத்தியம் அதுதான். அதுவும் தங்கள் ஆறாம் பக்கத்தால்.

திங்கட்கிழமை மச்சானின் பணிமனை நண்பர்கள் ஆறு அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு வந்தார்கள். அத்தனையும் காய்ந்த மஞ்சள். வேறு இடமில்லாததால் என் அறையில் இரும்பு அலமாரியை மறைத்து அடுக்கிவிட்டுப் போனார்கள். என் கோப்புகள் எல்லாம் அந்த அலமாரிக்குள்தான் இருக்கின்றன. அலமாரியைத் திறக்க வேண்டுமானால் மஞ்சளை நகர்த்த வேண்டும். மஞ்சளை நகர்த்த மச்சானின் அனுமதி வேண்டும். மகளின் குறிப்பு, நான் திருத்திய மூலப்படி, அதற்குள் மாட்டிக்கொண்டுவிட்டது. இல்லையென்றால் அதன் நகலை இந்தக் கடிதத்தோடு இணைத்துத் தங்கள் முகத்துக்கு நேரே நீட்டியிருப்பேன். அதாவது, பணிவுடன் அனுப்பியிருப்பேன்.

மச்சான் கட்டுரையில் 'நுண்துகள்' என்பதைப் பிடித்துக்கொண்டார். "சின்னதா இருக்கணும், அவ்வளவுதானே? அரைச்சா சின்னதாயிடப் போகுது" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்குள் இறங்கினார். முதல் நாள் மிக்ஸியில் மூன்று முறை அரைத்துத் துணியில் சலித்தார். போதவில்லை என்று மறுநாள் மிக்ஸியைத் திறந்து, மோட்டாரில் ஏதோ வேலை செய்து வேகத்தைக் கூட்டினார். வேகம் கூடியது, மூடி பறந்தது. சுவர், கூரை, குளிர்பதனப் பெட்டி, என் மனைவியின் கண்ணாடி, என் அகராதியில் 'ப' முதல் 'ம' வரையிலான பக்கங்கள், எல்லாம் ஒரே நிறம். மிக்ஸியிலிருந்து புகை வந்தது. "இப்பதான் சரியான பதத்துக்கு வருது" என்றார் மச்சான்.

நான் மகளைத் தொலைபேசியில் அழைத்து அவரிடம் கொடுத்தேன். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "மாமா, நீங்க என்ன அரைச்சாலும் அந்த அளவு வராது. ஒரு முடியோட தடிமனை ஆயிரம் பங்கு போட்டா ஒரு பங்கு வருமே, அந்த அளவு. அதுவும் இல்லாம, இது அரைக்கிற வேலையே இல்ல மாமா, ஏத்துற வேலை. மஞ்சள்ல இருக்கிற பொருள்தான் பயணி. துகள்தான் பஸ். பயணி தனியா நடந்து போனா பாதி வழியிலயே காணாம போயிடுவார். பஸ்சுல ஏத்தி, நோய் இருக்கிற ஸ்டாப்புல இறக்கணும்."

பேருந்து என்றதும் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? பஸ்சு எங்க?"

"இன்னும் ரோட்டுக்கு வரல மாமா. எலிக்குத்தான் ஓடியிருக்கு."

"எந்த எலி? பேப்பர்ல எலியே இல்லையே!"

கேட்டீர்களா? இதைத்தான் சொல்கிறேன். பெற்ற மகளைப் போல வளர்த்த மருமகளின் வாய்ச்சொல்லைவிட அவருக்குத் தங்கள் ஆறாம் பக்கம் பெரிது. "பயந்துக்கிட்டு எலிங்கறா. மேலதிகாரி சொல்லச் சொல்லியிருப்பான்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார். அப்புறம் மகள் என்னைத் தனியாக அழைத்தாள். குரல் சின்னதாக இருந்தது. "நான் பதினோரு தடவை எலின்னு எழுதியிருந்தேன்பா" என்றாள். "அதைத்தான் கேட்கப்போகிறேன், பத்திரிகைக்கு எழுதுகிறேன்" என்றேன். "வேண்டாம்பா. விட்டுடுங்க. எழுதாதீங்க" என்றாள். அவள் சுபாவம் அப்படி. யாரையும் குறை சொல்ல மனம் வராது. அவளுடைய ஆய்வுக்கூடத் தலைவர் திங்கட்கிழமையே அவளை அழைத்து, பொறுப்பில்லாமல் செய்தி கொடுத்ததற்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறாராம். ஆறு ஆண்டு உழைப்பு ஐயா. தாங்கள் தின்ற எலிகளுக்கு என் மகள் விளக்கம் எழுதுகிறாள்.

அதன் பிறகுதான் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். பேசவேண்டியதை முதலில் தாளில் எழுதிக்கொண்டேன். தங்கள் உதவி ஆசிரியர் ஒருவர் பேசினார். "சார், நாங்க ஒரு எழுத்துகூட மாத்தல சார். இடம் கச்சிதமா இருந்துச்சு, வந்தது வந்தபடி போட்டுட்டோம்" என்றார். ஒரு எழுத்துகூட மாற்றாத பத்திரிகை அலுவலகமா! இந்தத் தொழிலில் முப்பத்துநான்கு ஆண்டு இருந்தவனிடம் இதைச் சொல்கிறார். என் தாளில் அந்தப் பதிலுக்கு மறுபதில் எழுதி வைக்காததால், "நன்றி, வணக்கம்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு அந்தத் தாளை நான்காகக் கிழித்தேன். கோபத்தால்தான்.

செவ்வாய்க்கிழமை முடிவதற்குள் என் மனைவி கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். மச்சான் அசையவில்லை. புதன்கிழமை காலை நான் மட்டும் மருத்துவமனைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெளிவில்லை. நோயாளி இல்லாமல் நோயாளியின் உறவினர் மட்டும் வந்தால் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று அங்கே எழுதி வைக்கவில்லை. அதனால் மூன்று வரிசையிலும் நின்றேன். கடைசியில் மருந்து ஏற்றும் கூடத்து நர்ஸ் முன்னால் போய், "அவருக்கு ஏற்றுகிற மருந்தின் பெட்டிக்குள் விவரத்தாள் இருக்குமே, அதைப் படிக்கக் கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். தொழில் பழக்கம். எனக்கு ஒன்று புரியவில்லை என்றால் அச்சடித்ததைத்தான் படிப்பேன்.

"இத்தனை வருஷத்துல இதை யாருமே கேட்டதில்லை" என்று அந்த அம்மையார் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். விரித்தால் ஒரு வேட்டி அளவு. எழுத்து எறும்பு அளவு. சன்னல் ஓரமாக உட்கார்ந்து உருப்பெருக்கியை வைத்து இரண்டு மணி நேரம் படித்தேன். இரண்டு அச்சுப்பிழைகள் இருந்தன; குறித்துக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது மடிப்பில் வந்தபோது உருப்பெருக்கி கையிலிருந்து நழுவியது. மறுபடி படித்தேன். நர்ஸிடம் ஓடினேன். "அம்மா, இதில் எழுதியிருப்பது சரிதானா?"

அவர் எட்டிப்பார்த்து, "ஆமா சார், சரிதான். ஏன்?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் எதிரே உட்கார்ந்தேன். அவர் கரண்டியால் மஞ்சளைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டிருந்தார். உள்ளங்கை, நகக்கண், உதடு எல்லாம் மஞ்சள்.

"மச்சான், வியாழக்கிழமை உங்களுக்கு ஏற்றுகிறார்களே, அது என்னவென்று தெரியுமா?"

"விஷம்."

"மரப்பட்டை."

கரண்டி நின்றது.

"ஒரு வகை ஊசியிலை மரம். அதன் பட்டையிலிருந்துதான் அந்தப் பொருளை முதலில் எடுத்தார்கள். அதுவும் மஞ்சள் போலத்தான், தண்ணீரில் கரையாது. அதனால் ரத்தத்தில் இருக்கும் புரதத்தால் நுண்துகள் செய்து அதில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு துகள் நூற்று முப்பது நானோமீட்டர். வெள்ளையாகத் தெரிவது அந்தத் துகள்கள் மிதப்பதால்தான். இதோ, கீழே, சின்ன எழுத்தில்."

அவர் தாளை வாங்கவில்லை. "அப்ப நான் ஆறு வாரமா பஸ்சுலதான் போயிட்டு இருக்கேனா?" என்றார்.

"ஆமாம். செடி மருந்து, நுண்துகள், இரண்டும். மனிதர்களுக்காகவே ஓடுகிற பஸ். மகளுடையது இன்னும் பணிமனையை விட்டு வெளியே வராத வண்டி. பிரேக் பார்க்காத வண்டியில் நீங்கள் யாரையும் ஏற்றியதில்லை."

இதைச் சொன்னபோது நான் வாழ்க்கையில் முதன்முறையாக அவரிடம் குரலை உயர்த்தினேன். உயர்த்தியதாகத்தான் நினைக்கிறேன்; உள்ளேயிருந்து என் மனைவி, "என்னங்க, என்ன முணுமுணுக்கறீங்க?" என்று கேட்டாள்.

மச்சான் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பஸ்சுன்னா சரி மாப்பிள்ளை. ஆனா அந்தப் பஸ்சு போற வழியில என் விரலை மிதிச்சுட்டுப் போகுது" என்றார். எனக்குப் புரியவில்லை. "ரெண்டு வாரமா சட்டை பட்டன் போட முடியல. நுனியெல்லாம் மரக்கட்டை. இருட்டுல தடவியே நட்டு அளவு சொன்ன கை இது. பாப்பாகிட்ட சொன்னா அழுவா. டாக்டர்கிட்ட சொன்னா மருந்தை நிறுத்திடுவானோன்னு பயம். பேப்பர்ல, எல்லாம் சுகமா ஓடுனாங்கன்னு போட்டிருந்தானா… அதான் பிடிச்சிக்கிட்டேன்."

இரண்டு வாரமாக அவர் ஏன் காலர் இல்லாத, தலைவழியே மாட்டும் சட்டையாகவே போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாள் முழுக்க எழுத்துப் பிழை தேடுகிறவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் சட்டை தெரியவில்லை. விவரத்தாளின் ஐந்தாவது மடிப்பை எடுத்துப் படித்துக் காட்டினேன். விரல் நுனி மரத்துப்போனால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அளவைக் குறைப்பதற்கு வழி இருக்கிறது என்று அதில் இருந்தது. அவர் அந்த வரியை இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார்.

நேற்று, வியாழக்கிழமை, காலை அவருக்கு முழுக்கைச் சட்டை போட்டு ஆறு பட்டன்களையும் நானே போட்டுவிட்டேன். "மேல் பட்டன் தப்பான ஓட்டையில போயிருக்கு. மெய்ப்பு பாருங்க மாப்பிள்ளை" என்றார். பார்த்தேன், போயிருந்தது.

அத்தோடு முடிந்ததா? மருத்துவமனையில் நர்ஸ் அவர் கையைப் பிடித்தார், உள்ளங்கையைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், "மஞ்சள் காமாலை!" என்றார். மூன்று பேர் ஓடிவந்தார்கள். கண்ணை விரித்துப் பார்த்தார்கள். மிக்ஸி மூடி பறந்த நாளிலிருந்து கசக்கிய கண், அதுவும் சரியில்லை. ரத்தம் எடுத்தார்கள். அது மஞ்சள் அல்ல, மஞ்சள்தான் என்று நான் சொல்ல வந்தது எனக்கே குழப்பமாக ஒலித்தது. நான்கு மணி நேரம் காத்திருந்தோம். கல்லீரலில் கோளாறு இல்லை, கை கழுவாததுதான் கோளாறு என்று முடிவு வந்தது. மருத்துவர் விரல் விஷயத்தைக் கேட்டு, "ஏன்யா ரெண்டு வாரமா மறைச்ச?" என்று கடிந்துகொண்டு அளவைக் குறைத்தார். மஞ்சளை இப்படி அள்ளிப்போட்டுக்கொண்டால் சிகிச்சை மருந்தோடு மோதக்கூடும், நிறுத்து என்றும் சொன்னார். வெள்ளை மருந்து ஏறத் தொடங்கியதும் மச்சான் பக்கத்துப் படுக்கைக்காரரிடம், "தம்பி, இது என்னன்னு தெரியுமா? பஸ்சு. நூத்தி முப்பது சைஸ்" என்று தொடங்கினார். நாங்கள் கிளம்பும்போது கூடத்தில் எட்டுப் பேரும் தங்கள் மருந்தின் விவரத்தாளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையைத் தங்கள் ஆறாம் பக்கத்துக்கே சமர்ப்பிக்கிறேன்.

ஆகவே, ஐயா, நான் கேட்பது அதிகமில்லை. தங்கள் அடுத்த ஞாயிறு இதழில், அதே ஆறாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'அந்த ஆய்வு எலிகளில் செய்யப்பட்டது; எலிகளில் மட்டும் செய்யப்பட்டது; நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை யாரும் நிறுத்த வேண்டாம்' என்று ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஒரு மச்சான். தங்கள் பத்திரிகை போகும் மற்ற வீடுகளில் எத்தனை மச்சான்களோ, அவர்களுக்கு விவரத்தாள் படிக்க ஆள் இருக்கிறதோ இல்லையோ. எலிகளை எடுத்த கை யாருடையது என்று கண்டுபிடித்து, அந்த நபரை இனி அறிவியல் செய்திகளின் பக்கமே விடாமல் இருக்க வேண்டும். அவரிடமிருந்து என் மகளின் தலைவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதமும் வாங்கி அனுப்ப வேண்டும். கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. இருக்கட்டும். அடித்து எழுதினால் தாள் அசிங்கமாகிவிடும்.

தங்கள் பத்திரிகை நீண்டு வாழட்டும். தங்கள் வீட்டில் எல்லோரும் சொன்ன நாளில் சொன்ன மருந்தைச் சாப்பிட்டு நூறாண்டு இருக்கட்டும்.

தங்கள் பணிவுள்ள, ஆனால் இந்த ஒரு முறை பணிய விரும்பாத,
பழைய வாசகன்.

பின்குறிப்பு (சனிக்கிழமை): இக்கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் பணிமனை நண்பர்கள் வந்து ஆறு பெட்டிகளையும் திரும்ப எடுத்துப் போனார்கள். அலமாரி திறந்தது. மூலப்படியை இணைக்கலாம் என்று எடுத்தேன். மகள் சொன்னது சரி. எலி பதினோரு இடத்தில் இருக்கிறது. கட்டுரைக்குள் பத்து. பத்தின் மேலும் நீலப் பென்சில் கோடு. ஓரத்தில் என் கையெழுத்தில், 'கூறியது கூறல். தலைப்பிலேயே எலி இருப்பதால் உள்ளே தேவையில்லை' என்று குறிப்பு. பதினோராவது எலி தலைப்பில். அதன் மேலும் கோடு. அதன் ஓரத்தில், மறுநாள் தேதியிட்டு, 'தலைப்பு நீளம். உள்ளே விளக்கம் இருக்கும்.'

மகளை அழைத்தேன். "திங்கக்கிழமையே பாத்துட்டேன்பா. படிக்காம அனுப்பினது நான்தானே. என் தப்புன்னு எழுதிக் கொடுத்துட்டேன்" என்றாள். எலிகளை எடுத்தவனின் மன்னிப்புக் கடிதம் இன்றைய தபாலில் அவள் தலைவருக்குப் போகிறது. அதில் எலி பதினோரு முறை வருகிறது; ஒன்றையும் அடிக்கவில்லை. தங்கள் உதவி ஆசிரியரிடமும் என் மன்னிப்பைச் சேர்த்துவிடுங்கள். அவர் உண்மையிலேயே ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

திருத்தத்தை மட்டும் அவசியம் வெளியிடுங்கள். அச்சுக்குப் போகும் முன் அதன் மெய்ப்பை எனக்கு அனுப்ப வேண்டாம். என் மகளுக்கு அனுப்புங்கள்.